செந்நாய் வேட்டை: மானுக்காக ஹாரன் அடித்தது சரியா?

பொள்ளாச்சிக்காரன்:
போன ஞாயிறு தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி போகிற வழியில், சாலையை ஒட்டியே ஆறு செந்நாய்கள் ஒரு புள்ளிமானை மடக்கிவிட்டன. மான் நின்றுகொண்டே இருக்கிறது, பின்னாலிருந்து இரண்டு நாய்கள் வயிற்றைக் கிழிக்கின்றன. என் மகள் அழுதுவிட்டாள். வண்டியை நிறுத்தி விடாமல் ஹாரன் அடித்தேன், கூட்டம் புதருக்குள் ஓடிவிட்டது. புலி என்றால் கழுத்தைக் கவ்வி ஒரேயடியாக முடித்துவிடும். உயிரோடு தின்பதெல்லாம் ஒரு வேட்டையா? நான் செய்ததில் தப்பே இல்லை.

மாயார் வாசி:
அப்புறம் அந்த மான் என்ன ஆனது அண்ணா?

பொள்ளாச்சிக்காரன்:
நாங்கள் கிளம்பும்போது அதே இடத்தில்தான் நின்றது.

மாயார் வாசி:
வயிறு கிழிந்த மான் பிழைக்காது அண்ணா. விட்டிருந்தால் ரத்தம் போய், அதிர்ச்சியில் சில நிமிடத்தில் அடங்கியிருக்கும். ஹாரன் அடித்ததில் அதன் வேதனைதான் நீண்டது. பசியோடு ஓடிய கூட்டம் இன்னொரு மானைத் தேடிப் போயிருக்கும்.

புலியோடு ஒப்பிடுவதும் சரியில்லை. புலிக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும் நகமும், மானை அமுக்கிப் பிடிக்கும் முன்னங்கால் பலமும் உண்டு. செந்நாய் பதினைந்து கிலோ சொச்சம். அதன் நகம் ஓடுவதற்கானது, பிடிப்பதற்கு உதவாது. எழுபது கிலோ கலைமானின் கழுத்தில் தொங்கினால் கொம்பிலோ குளம்பிலோ அடிபட்டுச் சாகும். அதனால்தான் சீழ்க்கையடித்து ஒன்றையொன்று கூப்பிட்டு, துரத்திக் களைக்க வைத்து, பின்பக்கமாகக் கடிக்கிறது. அவசரமாகத் தின்பதற்கும் காரணம் இருக்கிறது. புலியோ சிறுத்தையோ வந்தால் இரை கைவிட்டுப் போகும்.

புலியும் எப்போதும் ஒரேயடியாக முடிப்பதில்லை. பெரிய கடமான், காட்டுமாடு என்றால் குரல்வளையைக் கவ்வி, மூச்சு நிற்கிறவரை நிமிடக்கணக்கில் விடாமல் கிடக்கும். மானால் கத்த முடியாது, அதனால் நமக்கு அமைதியான சாவு போலத் தெரிகிறது.

ஈரோடு செல்வி:
எல்லாம் சரி சகோ. ஆனால் கண் முன்னால் ஒரு உயிர் துடிக்கும்போது மனசு பதறுவதையே குற்றம் என்பது போலப் பேசுகிறீர்கள். குழந்தையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? அந்தப் பதற்றம் இல்லாதவர்கள்தான் காட்டை அழிக்கிறார்கள்.

மாயார் வாசி:
பதறுவது குற்றம் இல்லை அக்கா. அந்தப் பதற்றத்தில் ஒரு விலங்குக்குக் கெட்ட பெயர் வைத்துவிடுகிறோமே, அதுதான் ஆபத்து. வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் செந்நாயைக் 'கொடூரப் பிராணி' என்றார்கள், தாங்கள் சுடவேண்டிய மானை அது தின்றுவிடுகிறது என்று. கொன்று காட்டினால் பரிசுப் பணம் கிடைத்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் அதற்குக் காவல். இன்று உலகம் முழுக்க வளர்ந்த செந்நாய்கள் 2,500கூட இல்லை.

நம் நாங்குநேரிக்காரர் ஏ.ஜே.டி. ஜான்சிங் எழுபதுகளில் பந்திப்பூரில் இவற்றின் பின்னாலேயே அலைந்து ஆராய்ந்தார். பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இரையில் குட்டிகளுக்குத்தான் முதல் உரிமை. பெரியவை ஒதுங்கிக் காவல் நிற்கும். குகையில் இருக்கும் சின்னக் குட்டிகளுக்கு வயிற்றில் கறியைக் கொண்டுபோய்க் கக்கிக் கொடுக்கும். அன்றைக்கு அந்த ஆறும் எத்தனை குட்டிகளுக்காக ஓடினவோ.

பொள்ளாச்சிக்காரன்:
குட்டி விஷயம் எனக்குத் தெரியாது தம்பி. ஹாரன் அடித்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொடூரம் இல்லை என்று மட்டும் சொல்லாதே. அந்த மான் கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது. அதை நான் பார்த்தேன், என் மகளும் பார்த்தாள்.

மாயார் வாசி:
அதை மறுக்கவில்லை அண்ணா. நானும் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை வண்டியை நிறுத்தாமல் மெதுவாகக் கடந்து போய்விடுங்கள். பாப்பா கேட்டால் குட்டிகள் கதையையும் சொல்லுங்கள்.