18,000-க்குப் பழைய திங்க்பேடா, 30,000-க்குப் புதுசா?

பொருநை:
தங்கைக்குத் திருநெல்வேலியில் பிசிஏ இடம் கிடைத்திருக்கிறது. லேப்டாப் வாங்க வேண்டும், கையில் 30,000 இருக்கிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்காரர் பழைய லெனோவா திங்க்பேட் டி480 (இன்டெல் ஐ5 பிராசஸர், எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி) 18,000 என்கிறார். 30,000-க்கு இங்கே ஊரில் புதுசே கிடைக்கிறது: ஏஎம்டி ரைசன் 3 7320யூ பிராசஸர், 8 ஜிபி ராம். "எவனோ அடித்துத் துவைத்ததைக் காசு கொடுத்து ஏன் வாங்குகிறாய்?" என்று சித்தப்பா கத்துகிறார். எதை வாங்கலாம்?

அருவி:
சித்தப்பா பக்கம்தான் நான். டி480 வந்தது 2018-ல். தங்கை கடைசி செமஸ்டர் எழுதும்போது அந்த மெஷினுக்குப் பத்து வயது தாண்டியிருக்கும். ப்ராஜெக்ட் ரிவியூவுக்கு முந்தின நாள் மதர்போர்டு போனால் யாரிடம் போவது? கடைக்காரர் தருவது அதிகபட்சம் ஒரு மாத டெஸ்டிங் வாரன்டி. அதற்கும் ராத்திரி பஸ் ஏறிச் சென்னைக்குப் போக வேண்டும். புதுசுக்கு ஒரு வருடம் கம்பெனி பொறுப்பு.

இன்னொன்று. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறைதான் கீழ்வரம்பு. அடுத்த முறை மைக்ரோசாஃப்ட் கோட்டை நகர்த்தினால் முதலில் வெளியே போவது இந்த மெஷின்தான்.

ஸ்க்ரூடிரைவர்:
தம்பி, சர்வீஸ் கடை வைத்திருப்பவன் சொல்கிறேன், டி480-ஐ வாங்குங்கள்.

புதுசு புதுசு என்கிறார்களே, அந்த 7320யூ-வின் உள்ளே இருப்பது ஏஎம்டியின் ஜென் 2 கோர் (கணக்குப் போடும் பகுதி). 2019-ல் வந்த வடிவமைப்பு. அதற்கு 7000 வரிசையில் ஒரு நம்பர் கொடுத்து விற்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. அந்தச் சிப் எல்பிடிடிஆர்5 வகை ராமோடு மட்டும்தான் வேலை செய்யும், அது போர்டிலேயே சால்டர் செய்து வருகிறது. இன்று 8 ஜிபி என்றால் சாகும்வரை 8 ஜிபிதான். இரண்டாம் வருடம் ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் எமுலேட்டரை (திரைக்குள் ஓடும் போலி போன்) திறந்தால் மூச்சு முட்டும். அப்போது அந்த ஒரு வருட வாரன்டியும் முடிந்திருக்கும்.

டி480-ல் ராமுக்கு இரண்டு ஸ்லாட். பேட்டரியும் இரண்டு: உள்ளே ஒன்று, வெளியே கழற்றி மாட்டுகிற மாதிரி ஒன்று. மெஷினை நிறுத்தாமலே வெளி பேட்டரியை மாற்றலாம். கீபோர்டு, ஃபேன், ஹின்ஜ் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும்.

எட்டாம் தலைமுறை என்பதற்கும் காரணம் உண்டு. ஏழாம் தலைமுறை ஐ5-7200யூ-வில் இரண்டு கோர். அடுத்து வந்த எட்டாம் தலைமுறை 8250யூ-வில் நான்கு. வருடத்தை எண்ணாதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அருவி:
//இன்று 8 ஜிபி என்றால் சாகும்வரை 8 ஜிபிதான்//

இது நியாயமான பேச்சு, மறுக்கவில்லை. ஆனால் நண்பரே, முழுக் கணக்கையும் சொல்லுங்கள். 18,000 வெறும் ஆரம்ப விலை. ராம் விலை 2025 கடைசியில் ஏறியது உங்களுக்குத் தெரியாததா? பேட்டரி மாற்றினால் ஒரிஜினல் கிடைப்பது அரிது. சந்தையில் இருப்பதில் பாதிக்கு மேல் டூப்ளிகேட், சில மாதத்தில் உப்பிக்கொள்கிறது. டி480-ல் 1366x768 டிஸ்ப்ளே வந்த மாடலும் உண்டு, அதில் நாள் முழுக்க கோட் அடித்தால் கண் போய்விடும். ஏவி1 என்ற புது வகை வீடியோவைப் பிரித்துக் காட்டத் தனி ஹார்டுவேர் (டிகோடர்) கிடையாது, அந்தச் சுமை முழுக்க பிராசஸர் தலையில்தான். எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட புதுசு விலைக்கே வந்து நிற்கும்.

கணினி_டீச்சர்:
இரண்டு பேரும் வாங்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏற்கனவே வீட்டில் கிடப்பதை என்ன செய்வது என்பதும் முக்கியம் என்று நினைக்கிறேன். 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த மெஷின்கள் எத்தனையோ வீடுகளில் பரணில் கிடக்கின்றன. எங்கள் ஊரில் முன்னாள் மாணவர்களிடம் கேட்டு வாங்கி, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ (விண்டோஸுக்குப் பதிலான இலவச, இலகுவான இயங்குதளம்) ஏற்றினோம். தமிழ்99 தட்டச்சு, லிப்ரே ஆபிஸ், தொடக்கநிலை பைதான், எல்லாவற்றுக்கும் போதும். பிரவுசரில் நாலு டேப் திறந்தால் திணறும், அது உண்மை. ஆனாலும் லேப்டாப்பைத் தொட்டே பார்க்காத பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் அந்த வயது மெஷினை யாராவது காசுக்கு விற்றால் வாங்காதீர்கள். இப்போது சில கடைகளில் ஆறாம் தலைமுறை மெஷினில், விண்டோஸின் தகுதிச் சோதனையை ஏமாற்றித் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றி, "11 ஓடுது பாருங்க" என்று விற்கிறார்கள். ஓடும்தான். ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது ஆதரவில்லாத மெஷின், அடுத்த பெரிய அப்டேட் தானாக வரும் என்று நம்ப முடியாது.

அருவி:
டீச்சர் செய்வது நல்ல காரியம். அதே சமயம், விண்டோஸ் 10-ஐ வைத்துக்கொண்டு வீட்டில் நெட் பேங்கிங் செய்பவர்கள் கவனிக்க வேண்டும். 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது. லினக்ஸுக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் பணம் சம்பந்தப்பட்ட எதையும் அதில் தொடாதீர்கள்.

பொருநை:
ஸ்க்ரூடிரைவர் அண்ணே, அடுத்த வாரம் சென்னை போகிறேன். கடையில் நின்று எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஸ்க்ரூடிரைவர்:
முதலில் பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் அமைப்புத் திரை) போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். இவை ஆபிஸ் லீஸ் முடிந்து வருகிறவை, பழைய கம்பெனியின் பூட்டு அப்படியே இருந்தால் பின்னால் எடுப்பது பெரும்பாடு. பயாஸிலேயே அப்சல்யூட் என்று ஒரு பகுதி (கம்பெனி தூரத்திலிருந்தே மெஷினைக் கண்காணிக்க, பூட்ட உதவுவது) இருக்கும், அது ஆக்டிவேட் ஆகியிருக்கக் கூடாது.

அப்புறம் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள், விண்டோஸிலேயே வசதி இருக்கிறது. டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண் வரும். உள் பேட்டரியின் டிசைன் அளவு 24 வாட்-அவர். ஃபுல் சார்ஜ் 14-க்குக் கீழே காட்டினால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டை மட்டும் நம்பாமல், சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் யூடியூப் ஓடவிட்டும் பாருங்கள். டூப்ளிகேட் பேட்டரி பொய் எண் காட்டும்.

இடது பக்கம் இரண்டு யூஎஸ்பி-சி போர்ட் இருக்கும். இரண்டிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். பழைய தண்டர்போல்ட் ஃபெர்ம்வேரோடு (அந்த அதிவேக போர்ட்டை இயக்கும் உள் மென்பொருள்) ஓடிய மெஷின்களில் ஒரு போர்ட் செத்துப்போவது உண்டு. லெனோவாவே அதற்கு அப்டேட் விட்டிருக்கிறது, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைப் போடுங்கள்.

டிஸ்ப்ளே 1920x1080 ஐபிஎஸ்தானா (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத வகை) என்று பாருங்கள். அருவி சொன்னது சரி, 768 மாடல் 10,000-க்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

அருவி:
இவ்வளவு பார்க்கத் தெரிந்த அண்ணன் ஒருவர் எல்லா வீட்டிலும் இல்லை, அதனால்தான் பொதுவாகப் புதுசு என்கிறேன். இன்னும் ஐந்தாயிரம் புரட்ட முடிந்தால் இன்டெல் ஐ3-1215யூ பிராசஸர் போட்ட, காலி ராம் ஸ்லாட் உள்ள புது மெஷினைத் தேடிப் பாருங்கள். இல்லை டி480-தான் என்றால் ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பரும் வாரன்டி நாளும் எழுதி வாங்குங்கள். "அதெல்லாம் வாய்ப்பேச்சுதான் சார்" என்றால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுங்கள். அந்தத் தெருவில் டி480-க்குப் பஞ்சமில்லை.