புதுப்பிப்பு: 1995 யாழ்ப்பாணப் போர்க்கால இடப்பெயர்வில் நின்ற படிப்பை இப்போது தொடரலாமா?

சாதாரண தரப் பரீட்சை (பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் பொதுப் பரீட்சை) எழுதாமலே தையலுக்குப் போன நான், இந்த வயதில் எங்கே, எதைப் படிக்கலாம் என்று சென்ற வருடம் இங்கே கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

எனக்குக் கைகொடுத்தது, முன்கற்றல் அங்கீகாரத்தின் மூலம் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறலாம் என்று ஒரு அக்கா எழுதிய யோசனைதான். வகுப்பறைக்குப் போகாமல், வேலையிலேயே கற்றுக்கொண்ட திறமையை மதிப்பீட்டாளர் ஒருவர் நேரில் பரிசோதிக்கும் முறை அது. நான் தைத்த உடுப்புகளின் படங்களையும் வாடிக்கையாளர் கடிதங்களையும் கோவையாகச் சேர்த்துக் கொடுத்தேன். செய்முறைச் சோதனையும் வாய்மொழிக் கேள்விகளும் ஒரே நாளில் முடிந்தன. நான் முதலில் விசாரித்த நிலையத்தில் இந்த முறையைப் பற்றிச் சொல்லவேயில்லை என்பதால், தேடி வருபவர்கள் "முன்கற்றல் அங்கீகாரம்" என்ற பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

நான் எதிர்பாராதது, அதன் பின்னர் தெரியவந்த படிப்பு வாய்ப்புகளின் பரப்பு. இத்தகைமை 1 முதல் 7 வரையான மட்டங்களைக் கொண்டது. ஏழாவது மட்டம் பல்கலைக்கழகப் பட்டத்துக்குச் சமம். சாதாரண தரத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எந்த வயதிலும் எழுதலாம். 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய நிலையம் உண்டு. வளர்ந்தோர் கல்வி என்றால் எழுத்தறிவு வகுப்பு மட்டுமே என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது.

அடுத்த முறை சாதாரண தரத்துக்கு விண்ணப்பிக்கிறேன். கணிதத்துக்கு மகளே கற்பிக்கிறாள்.