'மூன்றாம் நிலை' என்றால் எதில் மூன்றாவது?

கேள்வி: சொல்தேடி

பல துறைகளின் கலைச்சொற்களை ஒரே பட்டியலாகத் தொகுத்து வருகிறோம். 'டெர்ஷியரி' (tertiary) என்ற சொல் வேதியியல், மருத்துவம், நிலவியல், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, மின்மாற்றி என்று போகிற இடமெல்லாம் வருகிறது. எங்கும் 'மூன்றாம் நிலை' என்றே போட்டுவிட்டால் சீராக இருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டு வேதியியல் பாடநூலில் 'மூவிணைய' என்று இருக்கிறது. மருத்துவ வரைவு ஒன்றிலோ 'மூன்றாம் தர மருத்துவமனை' என்று எழுதி வந்திருக்கிறது. ஒவ்வொரு துறையிலும் எதை எண்ணி மூன்று என்கிறார்கள்? ஒரே சொல்லால் சமாளிக்க முடியுமா?

பதில்: கரிமம்

முடியாது. வேதியியலில் அது வரிசை எண்ணே இல்லை, இணைப்புகளின் எண்ணிக்கை. 'மூவிணைய' என்ற சொல் நன்றாக அமைந்ததற்குக் காரணமும் அதுதான்: எதை எண்ண வேண்டும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதை மாற்றாதீர்கள்.

வழுக்கும் இடம் வேறு. எந்த அணுவில் நின்று எண்ணுகிறோம்? ஆல்கஹால் என்றால் ஹைட்ராக்சில் (OH) தொகுதியைத் தாங்கும் கார்பனில் நின்று, அதனோடு எத்தனை கார்பன்கள் சேர்ந்திருக்கின்றன என்று பார்க்கிறோம். அமீன் என்றால் நைட்ரஜனில் நின்று எண்ணுகிறோம். இதனால் ஒரு விசித்திரம் நேர்கிறது. மூவிணைய பியூட்டைல் ஆல்கஹால் மூவிணைய ஆல்கஹால்தான். அதில் ஹைட்ராக்சிலை எடுத்துவிட்டு அமினோ தொகுதியை வைத்தால் கிடைப்பது மூவிணைய பியூட்டைல் அமீன். அதுவோ ஓரிணைய அமீன்! பெயரில் உள்ள 'மூவிணைய' கார்பனைப் பற்றியது, வகையைத் தீர்மானிப்பது நைட்ரஜன். மறுபக்கம், டிரைமெத்தில் அமீன் மூவிணைய அமீன். அதில் மூவிணைய கார்பன் ஒன்றுகூட இல்லை. உங்கள் பட்டியலில் 'மூவிணைய ஆல்கஹால்', 'மூவிணைய அமீன்' இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே வையுங்கள்.

ஆய்வகத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். நீரற்ற துத்தநாகக் குளோரைடை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த லூகாஸ் காரணியைச் சேர்த்தால், அறை வெப்பநிலையில் மூவிணைய ஆல்கஹால் உடனே கலங்கும். ஈரிணையத்துக்கு 5 முதல் 10 நிமிடம் ஆகும். ஓரிணையம் சூடாக்காமல் கலங்காது. ஆனால் பென்சைல் ஆல்கஹால் ஓரிணையமாக இருந்தும் சட்டென்று கலங்கி ஏமாற்றிவிடும். ஏனென்றால் அந்தச் சோதனை இணைப்புகளை எண்ணுவதில்லை. இடையில் உருவாகும் கார்பன் நேரயனி (நேர்மின்னூட்டமுள்ள கார்பன் துணுக்கு) எவ்வளவு நிலைப்பானது என்பதைத்தான் காட்டுகிறது. இன்னொரு பிழையும் வழக்கம். ஆறு கார்பனுக்கு மேற்பட்ட ஆல்கஹால்கள் அந்தக் காரணியில் சரியாகக் கரையாது. தொடக்கத்திலேயே தெரியும் கலங்கலை வினை நடந்ததாக எடுத்துக்கொள்வார்கள். நல்ல கரைசல் கிடைக்காத ஆல்கஹாலுக்கு லூகாஸ் சோதனையே வேண்டாம்.

பதில்: அற்ககோல்

இலங்கைப் பாடநூல்களையும் சேர்க்கிறீர்களென்றால் ஒரு குறிப்பு. எங்களுடைய உயர்தர வேதியியலில் ஓரிணைய, ஈரிணைய, மூவிணைய என்ற மூன்றும் முறையே முதல், வழி, புடை. 'புடை அற்ககோல்' என்று தேடி வருகிற மாணவர் 'மூவிணைய ஆல்கஹால்' பதிவுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே மாற்றுச்சொல்லாக இணைத்துவிடுங்கள். ஒன்றை அழித்து மற்றதை வைப்பது இரண்டு பக்க மாணவருக்கும் நட்டம்.

பதில்: நாளமில்லி

முதலில் அந்த 'மூன்றாம் தர'வை அவசியம் நீக்குங்கள். தமிழில் மூன்றாந்தரம் என்றால் மட்டமானது. பெரிய அறுவை சிகிச்சைகளும் உயர்சிறப்புப் பிரிவுகளும் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அப்படி எழுதினால் படிப்பவர் நேர் எதிராகப் புரிந்துகொள்வார். இங்கே மூன்று என்பது பரிந்துரைப் படிக்கட்டு. சமவெளியில் சுமார் 30,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் அமைந்த ஆரம்ப சுகாதார நிலையம் முதல் படி. அங்கே தீராதது அடுத்த மட்டத்து மருத்துவமனைக்கு, அங்கேயும் தீராதது மூன்றாவதற்கு. 'உயர்சிறப்பு சிகிச்சை' என்று எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது.

இனி உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். மருத்துவம் என்ற ஒரே துறைக்குள்ளேயே இந்தச் சொல்லுக்குப் பல அளவுகோல்கள் உண்டு. நோய்த்தடுப்பில் முதல் நிலை என்பது நோய் வருமுன் காப்பது. இரண்டாம் நிலை, அறிகுறி முற்றுவதற்குள் கண்டுபிடிப்பது. மூன்றாம் நிலை, வந்துவிட்ட நோயால் ஊனமும் சிக்கலும் நேராமல் காப்பது. சர்க்கரை நோயாளியின் பாதப் பராமரிப்பு மூன்றாம் நிலைத் தடுப்பு. அதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம், செய்யவும் வேண்டும். 'மூன்றாம் நிலைத் தடுப்பு மூன்றாம் நிலை மருத்துவமனையில் நடக்கும்' என்று சொல்லை வைத்து ஊகித்தால் முழுத் தவறு.

நாளமில்லாச் சுரப்பிகளுக்கு வந்தால் இன்னும் நுட்பம். தைராய்டு குறைச்சுரப்பில் எண்ணுவது, கோளாறு சுரப்பியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை. தைராய்டிலேயே பழுது என்றால் முதல் நிலை, அதை ஏவும் பிட்யூட்டரி சுரப்பியில் என்றால் இரண்டாம் நிலை, அதற்கும் மேலே மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் என்றால் மூன்றாம் நிலை. முதல் நிலையில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டப் பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன்) உயர்ந்திருக்கும், ஏனென்றால் பிட்யூட்டரி வேலை வாங்கப் பார்க்கிறது. மற்ற இரண்டிலும், தைராய்டு சுரக்கும் தைராக்சின் குறைந்திருக்கும்போதுகூட டிஎஸ்ஹெச் எதிர்பார்த்தபடி ஏறாது. டிஎஸ்ஹெச் ஒன்றை மட்டும் பார்த்து 'தைராய்டு நன்றாக இருக்கிறது' என்று சொன்னால் இவை தப்பிப் போவது இதனால்தான்.

ஆனால் பாராதைராய்டு (இரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் சுரப்பி) மிகைச்சுரப்பில் அதே சொல் காலத்தையும் காரணத்தையும் குறிக்கிறது. நாட்பட்ட சிறுநீரக நோயில் கால்சியம் குறைவதால் சுரப்பி கூடுதலாக உழைப்பது இரண்டாம் நிலை. வெகுகாலம் அப்படியே ஓடி, தூண்டுதல் நீங்கிய பிறகும் சுரப்பி தன்போக்கில் சுரந்துகொண்டே இருப்பது மூன்றாம் நிலை. அப்போது இரத்தத்தில் கால்சியம் உயர்ந்துவிடும். ஹைப்போதலாமஸுக்கு இங்கே வேலையே இல்லை. ஒரே பாடநூலில், அடுத்தடுத்த அத்தியாயத்தில், ஒரே சொல். விளக்கக் குறிப்பு இல்லாமல் இந்த இரண்டையும் பட்டியலில் வைக்கக் கூடாது.

பதில்: முக்கோணச் சுற்று

மின்மாற்றியில் மூன்றாம் சுற்று என்பது வெறுமனே மூன்றாவதாக உள்ள சுருள்தான். முதன்மைச் சுற்று என்பது மின்வழங்கல் சேரும் பக்கம். ஆகவே மின்சாரம் எதிர்த்திசையில் பாய்ந்தால் முதலும் இரண்டும் இடம் மாறும். துணைமின் நிலையங்களில் குழப்பம் வராமலிருக்க உயர் அழுத்தம், இடை அழுத்தம், தாழ் அழுத்தம் என்றே சுருள்களை அழைப்பார்கள். மூன்றாம் சுற்றின் பெயர் மட்டும் நிலையானது.

அதன் வேலையைச் சொன்னால் பொருள் தெளியும். விண்மீன்–விண்மீன் (ஸ்டார்–ஸ்டார்) இணைப்புள்ள மின்மாற்றியில் மூன்றாம் சீரிசை (அடிப்படை அலைவெண்ணின் மூன்று மடங்கு அலைவெண்ணுள்ள) மின்னோட்டம் சுற்றிவர வழி வேண்டும். இல்லையென்றால் கட்ட மின்னழுத்தத்தின் அலைவடிவம் கெடும். முக்கோணமாக இணைத்த மூன்றாம் சுற்று அந்த வழியைத் தருகிறது. ஒரு கம்பி நிலத்தோடு சேரும் பழுதில் சுழிவரிசை மின்மறுப்பையும் (மூன்று கம்பிகளிலும் ஒன்றுபோலப் பாயும் மின்னோட்டத்துக்கான தடையையும்) குறைக்கிறது. இந்தியாவில் பரவலாக உள்ள 315 எம்விஏ, 400/220/33 கேவி தன்மின்மாற்றியில் மூன்றாம் சுற்று 105 எம்விஏ, அதாவது மூன்றில் ஒரு பங்கு. சுமையே இணைக்காவிட்டாலும் அதை மெலிதாகச் செய்துவிட முடியாது. வெளியே நிலப்பழுது நேரும்போது முக்கோணத்துக்குள் பெரும் மின்னோட்டம் சுழலும். அந்த விசையைத் தாங்காத சுருள் உருக்குலைந்துபோகும். 'நிலைப்படுத்தும் சுற்று' என்ற மாற்றுப்பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் வெளியே முனைகள் எடுத்து 33 கேவி சுமைக்குப் பயன்படுத்தும் சுற்றுக்கு அந்தப் பெயர் முழுதாகப் பொருந்தாது.

பதில்: படிவுப்பாறை

நிலவியல் பதிவுக்கு 'வழக்கொழிந்தது' என்று குறி போடுங்கள். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான ஜியோவானி அர்டுயினோ மலைப்பாறைகளை முதல், இரண்டு, மூன்று என்று பிரித்தார். கீழே கிடப்பது பழையது, மேலே கிடப்பது புதியது. அந்த 'மூன்றாம்' காலம் இப்போது அதிகாரபூர்வக் கால அட்டவணையில் இல்லை. 6.6 கோடி ஆண்டு முதல் 2.3 கோடி ஆண்டு வரை பேலியோஜீன், அங்கிருந்து 25.8 லட்சம் ஆண்டு வரை நியோஜீன் என்று இரண்டாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், நான்காம் காலமான குவாட்டர்னரி இன்னும் இருக்கிறது. மூன்று இல்லாமல் நான்கு நிற்பதைப் பார்த்து அச்சுப்பிழை என்று யாரும் திருத்திவிட வேண்டாம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி பற்றிய பழைய கட்டுரைகளில் 'டெர்ஷியரி' என்று வரும். மேற்கோளில் அப்படியே விட்டு, பக்கத்தில் புதிய பெயரைக் கொடுங்கள்.

கழிவுநீரில் சந்தேகமே வேண்டாம், அது காலவரிசை. படியவைப்பது முதல், நுண்ணுயிர் தின்ன விடுவது இரண்டு, வடிகட்டி மெருகேற்றுவது மூன்று. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்கள் இரண்டாம் நிலை நீரை எடுத்து, எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) வரை கொண்டுபோய்த் தொழிற்சாலைகளுக்குத் தருகின்றன. இரண்டாம் நிலையில் கசடு சரியாகப் படியாவிட்டால் மூன்றாம் நிலையின் சவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். இங்கே 'மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு' கச்சிதமான சொல்.

சொல்தேடி

மிக்க நன்றி. புரதத்தின் 'மூன்றாம் நிலை அமைப்பு' எந்த வகையில் சேரும்? காலவரிசையா, எண்ணிக்கையா?

பதில்: கரிமம்

இரண்டும் இல்லை, அது அடுக்கு. அமினோ அமிலங்களின் தொடர்வரிசை முதல் நிலை. அதில் ஆங்காங்கே அமையும் சுருளும் மடிப்புத்தாளும் இரண்டாம் நிலை. ஒரு சங்கிலி முழுவதும் மடிந்து எடுக்கும் முப்பரிமாண வடிவம் மூன்றாம் நிலை. ஒவ்வொன்றும் முந்தையதைத் தன்னுள் கொண்டது. மையோகுளோபின் ஒற்றைச் சங்கிலி, அதனால் மூன்றோடு நிற்கும். ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகள், ஆகவே நான்காம் நிலை உண்டு. முட்டையை வேகவைக்கும்போது மேல் அடுக்குகள் குலையும். முதல் நிலையின் பெப்டைடு பிணைப்புகள் அப்படியே இருக்கும்.

'மூன்றாம் நிலை' என்றே வையுங்கள். ஆனால் பட்டியலில் 'எண்ணப்படுவது' என்று தனி நெடுவரிசை ஒன்று சேர்த்து, இதற்கு நேரே 'அமைப்பின் அடுக்கு' என்றும், அமீனுக்கு நேரே 'நைட்ரஜனோடு இணைந்த கார்பன்கள்' என்றும் எழுதுங்கள். தைராய்டுக்கும் பாராதைராய்டுக்கும் அந்த நெடுவரிசையில் வெவ்வேறு விடை வரும்.