தனுஷ்கோடியில் ஷூட் பாதியில் லென்ஸ் எரர்: மாலை வரை ஓட்ட வழி உண்டா?

கடற்காகம்
வணக்கம் நண்பர்களே. கிராப் சென்சார் டிஎஸ்எல்ஆர், 18-135 எம்எம் கிட் ஜூம் (எஃப் 3.5-5.6). அரிச்சல்முனையில் ப்ரீ-வெட்டிங் ஷூட். பத்து மணியிலிருந்து ஷட்டரை அழுத்தினால் "கேமராவுக்கும் லென்ஸுக்கும் தொடர்பு சரியில்லை, காண்டாக்ட்டைச் சுத்தம் செய்யவும்" என்று திரையில் வருகிறது. பேட்டரியைக் கழற்றிப் போட்டால் போகிறது, நாலைந்து படத்தில் திரும்ப வந்துவிடுகிறது. இரண்டாவது பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) கிடையாது. 50 எம்எம் ஒன்று பையில் இருக்கிறது. காற்று பலம், மணல் பறக்கிறது. இங்கேயே என்ன செய்யலாம்?

ஒளிவாசல்
அந்த மணலில் நின்று லென்ஸைக் கழற்ற வேண்டாம். ஜூம் வளையத்துக்குள் ஒரு மணல் போனாலே நறநறவென்று இறுகிவிடும், ஷட்டர் இதழில் சிக்கினால் பாடியே போச்சு. காருக்குள் உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றுங்கள். ஏசி வேண்டாம். பாடி குளிர்ந்துபோனால் வெளியே இறங்கிய நிமிடமே கடற்காற்றின் ஈரம் லென்ஸில் வியர்த்துவிடும்.

கார்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அணையும்வரை பொறுங்கள். எழுதும்போது பேட்டரியை உருவினால் காலையில் எடுத்த படங்களும் கெடலாம். பிறகு ஆஃப் செய்து, பேட்டரியை எடுத்து, பாடியின் வாய் தரையைப் பார்த்தபடி லென்ஸைக் கழற்றுங்கள். லென்ஸின் பின்புறம் வரிசையாக இருக்கும் பொன்னிறப் புள்ளிகளைச் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். பாடிப் பக்கம் இருப்பவை ஸ்பிரிங் வைத்த பின்கள். எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று அமுங்கியே இருந்தால் மரப் பல்குச்சியால் மெல்ல அழுத்தி விட்டால் பெரும்பாலும் எழும்பிவிடும்.

ரப்பரால் தேய்க்கும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. வேண்டாம். தங்கப் பூச்சு மெலியும், ரப்பர் துகள் நேராக மிர்ரர் பெட்டிக்குள் விழும்.

ஈரமானி
மேலே சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். கடற்கரையில் காண்டாக்ட்டில் படிவது தூசி மட்டுமல்ல, உப்பு. உலர்ந்த துணி அதைப் பரப்பிவிடத்தான் செய்யும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலிலும் உப்பு சரியாகக் கரையாது. துணியின் ஒரு மூலையைக் குடிதண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, லென்ஸ் பக்கப் புள்ளிகளை ஒருமுறை ஒற்றுங்கள். உடனே காய்ந்த மூலையால் துடையுங்கள். ஆல்கஹால் இருந்தால் அதன் பிறகு. பாடிப் பின்களில் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வாயால் ஊதவும் கூடாது, எச்சில் துளி மிர்ரரில் ஒட்டும்.

ஆனால் நாலைந்து படம் ஓடிவிட்டு எரர் வருகிறது என்றால் எனக்குக் காண்டாக்ட் மேல் சந்தேகம் குறைவு. செய்தி அப்படித்தான் வரும், காரணம் லென்ஸுக்குள்ளேயே இருக்கலாம். மூன்று சோதனை செய்து சொல்லுங்கள்:
1. 50 எம்எம் போட்டு எஃப் 8-இல் இருபது படம் (எஃப் எண் கூடக் கூட ஒளி புகும் துளை, அதாவது அப்பர்ச்சர், சுருங்கும்).
2. 18-135-ஐ 18-இல் வைத்து எஃப் 3.5-இல் இருபது படம்.
3. அதே லென்ஸ், எஃப் 8, 18-இலிருந்து 135 வரை ஒவ்வொரு இடத்திலும் சில படங்கள்.

கடற்காகம்
துடைத்தாயிற்று, மாற்றமில்லை. 50 எம்எம் ஒரு எரர்கூட இல்லை. ஜூமில் எஃப் 3.5 முழுக்க ஓடியது. எஃப் 8-இல் 18 முதல் 35 வரை பரவாயில்லை, 50-ஐத் தாண்டினால் ஒவ்வொரு படத்துக்கும் எரர்.

ஈரமானி
அப்படியானால் பாடி நன்றாக இருக்கிறது. லென்ஸுக்குள் அப்பர்ச்சருக்குப் போகும் ஃப்ளெக்ஸ் (வளையும் மெல்லிய மின்பட்டை) விரிசல் விட்டிருக்கிறது. ஜூம் செய்யும்போதெல்லாம் அந்தப் பட்டை மடங்கி விரியும். நாளாக நாளாக மடிப்பில் செம்புக் கோடு விட்டுப்போகும். பட்டை ஒரு நிலையில் தொடும், இன்னொரு நிலையில் விலகும், அதனால்தான் 35 வரை ஓடுகிறது. எஃப் 3.5-இல் அப்பர்ச்சர் இதழ்கள் நகர வேண்டிய வேலையே இல்லை, முழுக்கத் திறந்தபடியே படம் விழும். எரர் வராததற்குக் காரணம் அதுதான். இது அங்கேயே சரிசெய்யும் கோளாறு அல்ல, ஆனால் ஷூட்டை நிறுத்தவும் தேவையில்லை.

ஒளிவாசல்
ஆட்டோ, பி மோடு இரண்டையும் மறந்துவிடுங்கள். வெயிலில் கேமரா தானாக எஃப் 8, 11 என்று மூடப் பார்க்கும், எரர் வரும். அப்பர்ச்சர் ப்ரையாரிட்டி (அப்பர்ச்சரை நாமே தேர்வது) அல்லது மேனுவலில், எப்போதும் முழுத் திறப்பு. 135-இல் அது 5.6 ஆகிவிடும். திரும்ப 18-க்கு வரும்போது திரையில் 3.5 என்று இருக்கிறதா பாருங்கள். 5.6-ஆகவே நின்றால் அது மூடிய நிலை.

வெளிச்சக் கணக்கு: நடுப்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16-க்கு 1/125. எஃப் 5.6-க்கு அது 1/1000, எஃப் 3.5-க்கு ஏறக்குறைய 1/2500. மணலும் கடலும் திருப்பியடிக்கும் வெளிச்சத்துக்கு இன்னொரு ஸ்டாப் (ஒளியைப் பாதியாக்கும் ஒரு படி) வேண்டியிருக்கலாம், அப்போது எஃப் 3.5-இல் 1/5000-ஐத் தொடும். உங்கள் பாடியின் உச்சம் 1/4000 என்றால் ஒளிர்வுப் பகுதிகள் வெளுக்கின்றனவா என்று ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) கண் வையுங்கள்.

டெப்த் (முன்னும் பின்னும் கூர்மையாக விழும் தூரம்) பற்றிக் கவலை வேண்டாம். 18 எம்எம், எஃப் 3.5-இல் ஐந்து மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் சுமார் இரண்டரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை போதிய கூர்மை கிடைக்கும். ஜோடியும் பின்னால் இடிந்த தேவாலயமும் ஒன்றாகத் தெளிவாக வர அதுவே போதும். 50-க்கு மேல் மூடிய அப்பர்ச்சர் கட்டாயம் என்றால் 50 எம்எம் லென்ஸையே போடுங்கள், மாற்றுவது மட்டும் காருக்குள்.

ஃப்ளாஷ்தான் சிக்கல். சாதாரண சிங்க் வேகம் (ஃப்ளாஷோடு சேர்ந்து இயங்கும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/200 அருகில் நின்றுவிடும், எஃப் 3.5-இல் பகலில் படம் வெளுத்துப்போகும். அதைத் தாண்டியும் ஃப்ளாஷ் அடிக்கும் ஹைஸ்பீட் சிங்க் வசதி இல்லையென்றால் ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு பேர் விரித்துப் பிடித்து முகத்துக்கு வெளிச்சம் திருப்பட்டும். தெர்மாகோல் அந்தக் காற்றில் நிற்காது.

ஈரமானி
அறைக்குப் போனதும் லென்ஸ், பாடி வெளிப்பக்கம், டிரைபாட் கால்கள் எல்லாவற்றையும் பிழிந்த ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். உப்பு இரவில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கார்டை இரண்டு இடத்தில் காப்பி எடுக்கும்வரை ஃபார்மட் செய்யாதீர்கள்.

பழுதுக்குக் கொடுக்கும்போது "லென்ஸ் எரர்" என்று மட்டும் சொன்னால் காண்டாக்ட்டைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். "முழுத் திறப்பில் ஓடுகிறது, எஃப் 8-இல் 50-க்கு மேல் எரர், வேறு லென்ஸில் இல்லை, அப்பர்ச்சர் ஃப்ளெக்ஸைப் பாருங்கள்" என்று எழுதியே கொடுங்கள். ஃப்ளெக்ஸ் மட்டும் மாற்றுகிறார்களா, அப்பர்ச்சர் யூனிட்டோடு சேர்த்தா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். கூலி அதைப் பொறுத்தே மாறும்.