புதுப்பிப்பு: கலந்தாய்வின் நடுவில் பிரிவை மாற்ற முடிந்தது

கணினி அறிவியல் வேண்டாம், சிவில்தான் படிப்பேன் என்று மகள் கலந்தாய்வு நேரத்தில் சொல்கிறாள், இனி மாற்ற முடியுமா என்று கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

முடிந்தது. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு வேண்டும் என்று நாம் தரும் விருப்பப் பட்டியலின் வரிசை மிக முக்கியம். "பட்டியலைப் பூட்டுவதற்கு (இனி மாற்ற முடியாதபடி உறுதி செய்வதற்கு) முன் சிவிலை மேலே ஏற்றுங்கள்" என்ற யோசனையே கைகொடுத்தது. தற்காலிக ஒதுக்கீட்டில் நான்காவது விருப்பம் வந்தது. அதை ஏற்றுக்கொண்டு, மேல்நகர்வும் (பட்டியலில் அதற்கு மேலுள்ள விருப்பத்தில் இடம் காலியானால் அதற்கு மாறும் வாய்ப்பு) கேட்டோம். இரண்டாவது விருப்பமான கல்லூரியில் சிவில் கிடைத்துவிட்டது!

நாங்கள் எதிர்பாராதது: மேல்நகர்வு கிடைத்ததும் பழைய இடம் போய்விடுகிறது, திரும்பக் கேட்க முடியாது. புதிய பிரிவையும் அப்போது சேர்க்க முடியாது. பூட்டிய பட்டியலில் மேலே இருப்பதுதான் வரும். பாதுகாப்புக்காகக் கணினி அறிவியலை முதலில் வைக்கச் சொன்னேன். அவள் பிடிவாதமாக மறுத்தாள், நல்லவேளை.