புதுப்பிப்பு: மேல் சர்வர் ஏன் சூடானது என்று தெரிந்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேனே, 42 யூ ரேக்கில் (சர்வர்களை அடுக்கும் இரும்பு அலமாரி; யூ என்பது அதன் உயர அளவு) மேலே இருக்கும் சர்வர் மட்டும் உள்ளே இழுக்கும் காற்று 34 டிகிரி என்று அலாரம் அடிக்கிறது, கீழே உள்ளவை 23-இல் நிம்மதியாக ஓடுகின்றன என்று. ஃபேன் போயிருக்கும் என்றே பலரும் சொன்னீர்கள். நானும் நம்பி ஃபேனை மாற்றினேன். அரை டிகிரிகூட இறங்கவில்லை.

அப்புறம்தான் ரேக்கின் முன்னால் கையை நீட்டிப் பார்த்தேன். பழைய சர்வரைக் கழற்றிய இடம், 3 யூ, அதாவது 13 சென்டிமீட்டர் சொச்சம், திறந்தே கிடந்தது. பின்பக்கச் சூட்டுக்காற்று அந்த வழியாக முன்னால் வந்து முகத்தில் அடித்தது. மேல் சர்வர் இழுத்துக்கொண்டிருந்தது அதைத்தான். பிளாங்கிங் பேனல், அதாவது காலி இடத்தை அடைக்கும் தகடு, போட்டு மூடினேன். 40 நிமிடத்தில் 25. குளிரூட்டல் பொறியாளர் சங்கமான அஷ்ரேயின் பரிந்துரை 18 முதல் 27 வரை, ஆகவே சரி.

பின்னால் போனபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தச் சர்வரின் இரண்டு பவர் சப்ளைகளும் ஒரே பிடியூவில், அதாவது ரேக்கில் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பிளக் பட்டையில், சொருகியிருந்தன. ரேக்குக்கு வரும் ஏ, பி என்ற இரண்டு மின்வழிகளில் அதற்கு வரும் ஏ ஃபீடு போனால் சர்வரும் போயிருக்கும். இப்படி மாட்டிய புண்ணியவான் யார் என்று பழைய டிக்கெட்டைத் தேடினால், என் பெயர்! ஒன்றை பி பக்கம் மாற்றிவிட்டேன். பேனல் மாட்டும்போது ரேக்கில் திருகு பிடிக்கும் கேஜ் நட் விரலைக் கிழித்தது தனிக்கதை.