டார்ஜிலிங்: முட்டிவலி உள்ள பெற்றோருடன் எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

தென்றல்குமார் கேட்டது:

நவம்பர் இரண்டாம் வாரம் குடும்பத்தோடு டார்ஜிலிங் போகிறோம். புதன் மதியம் பாக்டோக்ராவில் இறங்குகிறோம். சனி இரவு நியூ ஜல்பைகுரியில் ரயில். அப்பாவுக்கு 68 வயது, அம்மாவுக்கு முட்டிவலி, பையனுக்கு 7 வயது. வண்டிக்காரர் ‘த்ரீ பாயிண்ட்’, ‘செவன் பாயிண்ட்’ என்ற இரண்டு ஊர்சுற்றலையும் வியாழன் ஒரே நாளில் காட்டிவிடுவதாகச் சொல்கிறார். முடியுமா? ராக் கார்டன், பொம்மை ரயில் இரண்டையும் எங்கே சேர்ப்பது? ஹோட்டல் இன்னும் போடவில்லை.

மலைவழி:

வியாழனில் செவன் பாயிண்ட் வேண்டாம். அதில் முக்கியமே பத்மஜா நாயுடு உயிரியல் பூங்காவும், அதே வளாகத்தில் இருக்கும் மலையேற்றப் பயிற்சி நிலையமும்தான். பூங்காவுக்கு வியாழன் விடுமுறை. அன்றைக்குப் போனால் டென்சிங் பாறையையும் ரோப்வே வரிசையையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஊர் ஒரு மலைமுகட்டின் மேல் நீளவாக்கில் கிடக்கிறது. சூரிய உதயம் பார்க்கும் டைகர் ஹில், கூம் மடாலயம், பொம்மை ரயில் வளையமாகச் சுற்றும் பதாசியா லூப் மூன்றும் தெற்கே கூம் பக்கம். இதுதான் த்ரீ பாயிண்ட். பூங்கா, ஹேப்பி வேலி தேயிலைத் தோட்டம், ரோப்வே எல்லாம் வடமேற்கே. இரண்டுக்கும் நடுவில் ஹில் கார்ட் ரோடு. தண்டவாளமும் அதே ரோட்டோரமாக ஓடுவதால், காலை பத்து மணிக்கு மேல் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வியாழன் கூம் பக்கம், வெள்ளி பூங்கா பக்கம்.

பூங்காவில் நுழைவாயிலிலிருந்தே ஏற்றம். அம்மா நிதானமாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏற வேண்டும், இரண்டரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். சிவப்புப் பாண்டாவைக் கூண்டுத் தரையில் தேடி ‘ஒன்றுமே இல்லை’ என்று நகர்ந்துவிடுகிறார்கள். அது பகலில் மரக்கிளைக் கவட்டில் வாலால் முகத்தை மூடிச் சுருண்டு தூங்கும், அண்ணாந்து பாருங்கள். திறந்த உடனே போனால் நடமாடுவதையே பார்க்கலாம். மலையேற்ற நிலையம் 1954-இல் தொடங்கியது. டென்சிங் நார்கேதான் முதல் களப்பயிற்சி இயக்குநர். அவருடைய சமாதியும் அங்கேயே இருக்கிறது. அருங்காட்சியகத்தில் பழைய எவரெஸ்ட் பயணங்களின் கயிறு, காலணி, ஆக்சிஜன் கருவிகளைப் பையன் விட்டு நகரமாட்டான்.

ராக் கார்டனைத் தாராளமாக விட்டுவிடலாம். பத்து கிலோமீட்டர்தான், ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் செங்குத்தாக இறங்கி, பார்த்ததும் அதே வழியில் ஏற வேண்டும். உள்ளே முழுக்கப் படிகள். நவம்பரில் அருவியில் தண்ணீரும் குறைவு.

ஹோட்டல் போடும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: “வண்டி வாசல் வரை வருமா?” மால் ரோடு, சௌரஸ்தா (ஊர் நடுவிலுள்ள சதுக்கம்) பகுதியில் வண்டி கிடையாது. கீழே இறக்கிவிடுவார்கள், பெட்டியோடு ஏற்றத்தில் நடக்க வேண்டும். ரூம் ஹீட்டருக்குப் பல இடங்களில் தனிக் கட்டணம், வெந்நீருக்கு நேரக் கணக்கு. இரண்டையும் முன்னாலேயே பேசிவிடுங்கள்.

நாரோகேஜ்:

ரயிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நியூ ஜல்பைகுரியிலிருந்து டார்ஜிலிங் வரை 88 கி.மீ. ரயிலில் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஜீப்பில் மூன்று, மூன்றரை மணி நேரம். பெரியவர்களோடு அதில் வராதீர்கள். உங்களுக்கு ஏற்றது ‘ஜாய் ரைடு’: டார்ஜிலிங்கிலிருந்து கூம் போய்த் திரும்ப ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பதாசியாவில் பத்து நிமிடம் நிற்கும், கூமில் அருங்காட்சியகம் பார்க்க நேரம் தருவார்கள். நீராவிக்குக் கட்டணம் அதிகம், டீசலுக்குக் குறைவு. ஐஆர்சிடிசி தளத்தில் இப்போதே போடுங்கள். நேரில் போய் வாங்கலாம் என்று இருந்தால் சீசனில் கிடைக்காது.

நம் ஊட்டி ரயிலில் பல்சக்கரம் பிடித்து ஏற்றும். இங்கே பல்தண்டவாளமே கிடையாது. இரண்டடி அகலப் பாதையில் சக்கரத்தின் பிடிமானத்தை மட்டும் நம்பி, வளையமாகச் சுற்றியும், ஆறு இடங்களில் முன்னும் பின்னுமாக இசட் வடிவில் நகர்ந்தும் ஏறுகிறது. தண்டவாளம் ஈரமானால் சக்கரம் வழுக்கும். அதனால் நீராவி எஞ்சினின் முன்புறம் ஆட்கள் உட்கார்ந்து கையால் மணல் தூவிக்கொண்டே வருவார்கள். புறப்படும் முன் பையனை எஞ்சின் பக்கம் கூட்டிப்போய்க் காட்டுங்கள். கூம் 2,258 மீட்டர், இந்தியாவிலேயே உயரமான ரயில் நிலையம். 1881-இல் ஓடத் தொடங்கிய பாதை, 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஜாய் ரைடு கிடைத்துவிட்டால் த்ரீ பாயிண்டில் பதாசியாவுக்காகத் தனியே இறங்கத் தேவையில்லை.

தென்றல்குமார்:

இருவருக்கும் மிக்க நன்றி. டைகர் ஹில்லுக்கு அதிகாலை மூன்றரைக்கே கிளம்ப வேண்டும் என்கிறார்கள். பெரியவர்களையும் பையனையும் அந்தக் குளிரில் எழுப்பிக் கூட்டிப்போவது அவசியம்தானா?

வாணிமுத்து:

அவசியம் இல்லை தம்பி. கஞ்சன்ஜங்காவை ஊருக்குள்ளேயே பார்க்கலாம். சௌரஸ்தாவிலிருந்து அப்சர்வேட்டரி ஹில்லைச் சுற்றி ஒரு நடைபாதை போகிறது. ஏறக்குறைய சமதளம், வண்டித் தொந்தரவு கிடையாது, உட்காரப் பெஞ்சும் உண்டு. வடக்குப் பக்கம் போனதும் மலை எதிரே நிற்கும். ஆறு மணிக்கு அங்கே இருந்தால் போதும். நவம்பரில் விடிகாலை தெளிவாக இருந்தாலும் ஒன்பது, பத்துக்குள் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிவிடும். குன்றின் உச்சியில் இருக்கும் மகாகால் கோயிலுக்கு மட்டும் நல்ல ஏற்றம். அப்பா போகட்டும், அம்மா கீழேயே இருக்கட்டும்.

நீங்களும் அப்பாவும் டைகர் ஹில் போவதானால் நாலு மணிக்குள் கிளம்புங்கள். தாமதமானால் வண்டி வரிசையின் கடைசியில் இறங்கி இருட்டில் மேலே நடக்க வேண்டும். அங்கே போனதும் எல்லாரும் கிழக்கே பார்த்துக்கொண்டு சூரியனுக்காகக் காத்திருப்பார்கள். நீங்கள் வடக்கே பாருங்கள். சூரியன் தலைகாட்டுவதற்குச் சில நிமிடம் முன்பே கஞ்சன்ஜங்காவின் உச்சி மட்டும் சிவக்கும், பிறகு அந்த நிறம் கீழே இறங்கி ஆரஞ்சாகி வெளுத்துவிடும். பார்க்க வேண்டியது அந்தச் சில நிமிடம்தான். நல்ல தெளிவான நாளில் இடப்பக்கம் வடமேற்கே தூரத்தில் மூன்று சிறு முனைகள் தெரியும்: லோட்சே, நடுவில் எவரெஸ்ட், வலப்பக்கம் மக்காலு. மக்காலு அருகில் இருப்பதால் அதுதான் பெரிதாகத் தெரியும். அதை எவரெஸ்ட் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் ஏராளம்.

குல்லா, கையுறை, காற்று புகாத மேலாடை கட்டாயம். கனமான ஒரே ஸ்வெட்டரைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது, வெயில் வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். போன் பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கும், உள்பையில் வையுங்கள்.

மலைவழி:

சனிக்கிழமைக்கு ஒரு யோசனை. வந்த வழியே குர்சியாங் பக்கம் இறங்காமல், காலை எட்டுக்குக் கிளம்பி சுகியா போக்ரி, மிரிக் வழியாக இறங்குங்கள். வழி நெடுகத் தேயிலைத் தோட்டம், நடுவே சிமானாவில் நேபாள எல்லைப் பார்வைமுனை. மிரிக் ஏரிக்கரையில் அம்மா சமதளமாக நடக்கலாம். தூரம் கூடுதல், வளைவும் அதிகம். பையனுக்கு வாந்தி வரும் என்றால் கிளம்ப அரை மணி நேரம் முன்பே மாத்திரை கொடுத்துவிடுங்கள். 2025 அக்டோபர் மழையில் இந்த வழியில் துதியா பாலம் இடிந்தது. அதனால் முந்தின நாள் இரவே ஓட்டுநரிடம் சாலை நிலவரம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ரயிலுக்கு மூன்று மணி நேரம் முன்பாகவே சிலிகுரியைத் தொட்டுவிட வேண்டும். ஊருக்குள் நெரிசல் அப்படி.

சந்தக்ஃபூ சிகரத்தையும் யாராவது சொல்வார்கள்: 3,636 மீட்டர் உயரம், மானேபஞ்சன் என்ற ஊரிலிருந்து ஜீப் உண்டு. ஆனால் உங்கள் மூன்று நாளில் அடங்காது. அந்தக் குலுங்கலை முட்டிவலிக்காரர்களும் தாங்கமாட்டார்கள்.